“இது எவ்வளவு போகும்?”: புதுச்சேரி நாணயச் சேகரிப்புக் குழு ஒன்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

புதுச்சேரியில் பழைய காசும் நோட்டும் சேர்ப்பவர்கள் சிலர் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள். பதிவு பெற்ற சங்கம் இல்லை; தலைவர், செயலாளர் என்று யாரும் கிடையாது. முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தை அரைநாள் வாடகைக்கு எடுத்துச் செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் காலையிலேயே ஒரு சுற்று சுற்றிவிட்டு, கிடைத்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேரே இங்கே வருபவர்கள் உண்டு. கடலூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் பஸ் பிடித்து வருபவர்களும் உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியர், மூடிப்போன மில்லில் வேலை பார்த்தவர், நகைப் பட்டறைக்காரர், கல்லூரி மாணவர்கள் என்று கலவையான கூட்டம். நாலைந்து பேர் சேகரிப்போடு விற்பனையும் செய்பவர்கள். வாடகையில் பெரும்பங்கு கொடுப்பவர்கள் அவர்கள்தான் என்பதால் வாசலை ஒட்டிய மேசைகள் வழக்கமாக அவர்களுக்கே. இந்த விவரம் பின்னால் முக்கியமாகிறது.

கூட்டங்களில் உடனிருந்து பார்த்ததையும், சம்பந்தப்பட்டவர்கள் சொன்னதையும் வைத்து இது எழுதப்படுகிறது. யாருடைய பெயரும் அடையாளமும் தரப்படவில்லை.

வந்துகொண்டே இருந்த கேள்வி

பழைய காசுக்கு லட்சக்கணக்கில் விலை கிடைக்கும் என்று சொல்லும் வீடியோக்கள் கைப்பேசிகளில் பரவிய பிறகு, கூட்டத்துக்குப் புதியவர்கள் வரத் தொடங்கினார்கள். கையில் ஒரு மஞ்சப்பை, அல்லது பழைய பவுடர் டப்பா. உள்ளே பெரும்பாலும் ஒரே வகைப் பொருள்கள்: டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு, 786 (இஸ்லாமியர் பலர் புனிதமாகக் கருதும் எண்) என்று முடியும் நோட்டு, 2012-இல் வெளிவந்த வைஷ்ணோ தேவி நாணயம், நடுவில் ஓட்டை உள்ள காலணா, 1995-ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வந்த திருவள்ளுவர் நாணயம், ராமர் பட்டாபிஷேகம் பொறித்து ‘1818’ என்று ஆண்டு போட்ட கனமான பித்தளைக் காசு. எப்போதாவது ஒரு பழைய குடும்பத்துப் பெட்டியிலிருந்து, ஒரு பக்கம் லில்லிப்பூவும் மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’ என்றும் அடித்த பிரெஞ்சுக் காலத்துச் செப்புத் துட்டு வரும். அன்று மூத்தவர்கள் முகம் மலரும். மற்ற நாள்களில் கேள்வி ஒன்றுதான்: “சார், இது எவ்வளவு போகும்?”

கேள்வியில் தப்பில்லை. ஆனால் ஒரே மனிதர் அதே டிராக்டர் நோட்டைப் பற்றி ஒரே காலையில் பலருக்குப் பதில் சொல்லும்போது குரல் மாறிவிடுகிறது. முதல் ஆளுக்கு அந்த நோட்டு இன்றும் செல்லும் என்பதையும், அரிது என்றால் என்ன என்பதையும் விளக்குகிறார். அடுத்தடுத்த ஆள்களுக்கு விளக்கம் சுருங்குகிறது. கடைசியில் வருபவருக்கு “அஞ்சு ரூபா நோட்டு அஞ்சு ரூபாதான் போவும்” என்று ஒரு சிரிப்பு மட்டும். கடைசியில் வந்தவர் முன்னால் வந்தவர்களைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிவது அந்தச் சிரிப்புதான்.

மூத்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு மாதத்தில் ஒரு அரைநாள் காசைப் பார்க்க வருகிறார்கள். விக்டோரியா ரூபாயின் டை (காசை அடிக்கும் அச்சு) வேறுபாட்டைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பது இங்கே மட்டும்தான். அந்த நேரம் முழுவதும் டிராக்டர் நோட்டுக்கே போனது. “நான் இங்க பாடம் எடுக்க வரல, காசு பாக்க வரேன்” என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்.

முதல் முடிவு: எழுதி ஒட்டுவது

அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவது என்று முடிவானது. ஓய்வு பெற்ற ஆசிரியர் எழுதினார். நல்ல தாள் அது. வெறும் விலைப் பட்டியலாக இல்லாமல் அடிப்படைகளைச் சொன்னது. பழசு என்பதாலேயே விலை ஏறாது. எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்பதே விலை. 1862 என்று ஆண்டு போட்ட விக்டோரியா ரூபாய் 1874 வரை அதே ஆண்டோடு அடிக்கப்பட்டதால் தாராளமாகக் கிடைக்கிறது; 1939-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயோ அதைவிட வயதில் மிகச் சின்னது, ஆனாலும் அரிது. 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள காசுகளும் 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாது; 50 பைசா செல்லும். காசைப் புளி போட்டு விளக்காதீர்கள், மேலே படிந்திருக்கும் நிறம் போனால் விலையும் போகும். ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை போர்க்காலச் செம்புச் சிக்கனத்துக்காக வந்தது, மிகச் சாதாரணமாகக் கிடைப்பது.

தாள் ஒட்டியதும் மூத்தவர்களுக்கு நிம்மதி. கேள்வி வந்தால் விரல் சுவரை நோக்கி நீளும்: “அதுல எல்லாம் எழுதியிருக்கு, படிச்சிட்டு வாங்க.”

சில மாதங்களில் மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. கேள்விகள் குறையவில்லை, தாளைப் படித்துவிட்டு வந்தவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். “படிச்சேன் சார், ஆனா இது எவ்வளவு போகும்?” ‘நிலை’, ‘அரிது’ என்ற சொற்களை வைத்துத் தன் கையிலிருக்கும் காசை எடைபோட அவர்களுக்குத் தெரியாது. அது தெரிந்திருந்தால் வந்தே இருக்கமாட்டார்கள்.

அடுத்து, புதியவர்கள் ஒருமுறை வந்து காணாமல் போனார்கள். முன்பும் போனார்கள்தான். ஆனால் முன்பெல்லாம் போகும் முன் அரை மணி நேரமாவது நின்று மேசைகளைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது. ராமர் பொறித்த பித்தளைக் காசுக்குத் தாளில் எழுதியிருந்த பதில்: “கும்பினிக்காரன் சாமி உருவம் போட்டுக் காசு அடித்ததே இல்லை. இது பிற்காலத்தில் கோயில் வாசல்களில் விற்ற டோக்கன்.” டோக்கன் என்பது சரி. சொன்ன காரணம் தப்பு. கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னையில் அடித்த நட்சத்திர வராகன் என்ற தங்கக் காசில் நிற்கும் விஷ்ணு உருவம் உண்டு. கோபுரமும் விஷ்ணுவும் உள்ள வராகன்களும் உண்டு. ஒரு கல்லூரி மாணவி இதைத் தன் கைப்பேசியில் படத்தோடு காட்டியபோது யாரிடமும் பதில் இல்லை. அரையணா, காலணா வரிசையில் 1835-க்குப் பிறகு கும்பினி அடித்தவை எப்படி இருக்கும், இந்த டோக்கன் அதிலிருந்து எங்கெங்கே விலகுகிறது என்பதுதான் சரியான காரணம். அதைச் சொல்ல நாலு வரி வேண்டும்; தாளில் ஒரு வரிக்குத்தான் இடம். நூறு முறை சொல்லித் தேய்ந்த பதிலில் முதலில் உதிர்வது காரணம்தான் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

டிராக்டர் நோட்டு

தாள் ஒட்டிச் சில மாதம் கழித்து, வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வயதான அம்மா ஒருவர் வந்தார். கணவர் இறந்த பிறகு பீரோவிலிருந்து எடுத்த பொருள்கள்: கொஞ்சம் டிராக்டர் நோட்டுகள், ஒரு கொத்து ஓட்டைக் காலணா, இரண்டு ஒரு ரூபாய் நோட்டு. கேட்டது வழக்கமான கேள்வி. கிடைத்ததும் வழக்கமான விரல். அம்மா சுவருக்கு அருகே போய்ப் பொறுமையாகப் படித்தார். டிராக்டர் நோட்டுக்கு நேரே ‘மதிப்பு 5 ரூபாய்’ என்றிருந்தது. திரும்பி வாசலுக்கு வந்தபோது, விற்பனை மேசையில் 786 என்று முடியும் பத்து ரூபாய் நோட்டு ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் நிற்க வைத்திருந்தது. முகமதிப்பைவிடப் பல மடங்கு விலை சீட்டில் எழுதியிருந்தது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார் என்று மேசைக்காரரே பின்னால் சொன்னார்.

அடுத்த கூட்டத்துக்கு அவருடைய தம்பி மகன் வந்தார். கோபத்தோடு வந்தார். இடையில் நடந்தது இதுதான். அம்மா கைப்பேசி விளம்பரம் ஒன்றில் இருந்த எண்ணுக்குப் பேசியிருக்கிறார். எதிர்முனையில் இருந்தவர் ஒவ்வொரு நோட்டின் எண்ணையும் படிக்கச் சொல்லிக் கேட்டு, “அம்மா, உங்க கையில இருக்கிறது எவ்வளவு பெருசுன்னு உங்களுக்கே தெரியல” என்று நெடுநேரம் பேசியிருக்கிறார். நோட்டுகளைப் பல லட்சத்துக்கு எடுத்துக்கொள்வதாகவும், ரிசர்வ் வங்கியில் பதிவு செய்ய ஒரு கட்டணம் முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அது கட்டியதும் ஜிஎஸ்டி, அதன் பிறகு ‘வண்டிச் செலவு’. சேமிப்பில் இருந்த சில ஆயிரங்கள் போய்விட்டன. ரிசர்வ் வங்கி பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்பதில் ஈடுபடுவதில்லை, தன் பெயரில் கட்டணமோ கமிஷனோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை குழுவில் எல்லோருக்கும் தெரியும். தாளில் அது இல்லை. நாணயத்தைப் பற்றிய தாளில் மோசடியைப் பற்றி எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தம்பி மகனை உட்கார வைத்து, சைபர் மோசடிக்கான 1930 எண்ணுக்குப் பேச வைத்து, புகார் பதிவுசெய்ய இரண்டு பேர் கூடவே போனார்கள். நாள் கடந்திருந்தது. இதை எழுதும் வரை பணம் திரும்பவில்லை.

அன்று அங்கே நடந்த பேச்சில் ஒரு பகுதியை அப்படியே தர வேண்டியிருக்கிறது.

“நாங்க சரியாத்தானே தம்பி எழுதியிருந்தோம். அஞ்சு ரூபா நோட்டு அஞ்சு ரூபான்னு.”

“சரிதான் சார். ஆனா எங்க அத்தைக்கு என்ன தோணுச்சுன்னா, இவங்க இப்படிச் சொல்லிட்டு நம்மகிட்ட சல்லிசா வாங்கப் பாக்குறாங்கன்னு. வாசல்லயே வித்துக்கிட்டு இருக்கீங்க, உள்ள செவுத்துல மதிப்பு இல்லன்னு எழுதி வெச்சிருக்கீங்க. நீங்க பொய் சொல்லலன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

786 நோட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் நம்பிக்கையின் பேரில் கொடுக்கிறார்கள். அது விருப்பத்துக்கான விலை, அரிதான பொருளுக்கான விலை இல்லை. சேகரிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மூச்சு விடுவது மாதிரி இயல்பானது. அந்த அம்மாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவர் பார்த்தது ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு எழுத்துகள். நம்பகமானது எது என்று முடிவுசெய்ய அவரிடம் இருந்த ஒரே அளவுகோல், யார் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்பது. அந்த அளவுகோலில் திருடன் ஜெயித்தான்.

கேள்வியை மறுபடி பார்த்தது

அடுத்த கூட்டத்தில் எந்த முடிவும் எடுக்காமல், வருபவர்களை வெறுமனே கவனிப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். தம்பி மகனின் கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது. இரண்டு இளைஞர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருபவர்கள் என்ன பார்க்கிறார்கள், எதைப் பார்த்த பிறகு எதைக் கேட்கிறார்கள் என்று குறித்தார்கள்.

முதலில் தெரிந்தது மண்டபத்தின் அமைப்பு. உள்ளே நுழையும் எவர் கண்ணிலும் முதலில் படுவது விலைச்சீட்டு. அரிக்கமேட்டுப் பானை ஓட்டுப் படங்களும், பிரெஞ்சிந்தியாவில் புழங்கிய இந்தோசீன வங்கியின் ரூபாய் நோட்டும், பரம்பரையாக வந்த வெள்ளிப் பணங்களும் எங்கோ பின்சுவரை ஒட்டிய மேசையில். விலையைக் காட்டி வரவேற்றுவிட்டு, எல்லோரும் விலையையே கேட்கிறார்கள் என்று அலுத்துக்கொள்வது வேடிக்கை. அந்தக் கேள்வியை வீடியோக்கள் மட்டும் உண்டாக்கவில்லை. குழுவும் மாதாமாதம் உண்டாக்கிக்கொண்டிருந்தது. இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுவே. புதியவர்கள் ஒரே கேள்வியைக் கேட்டால், ஒன்று அவர்கள் முன்னால் நாம் வைத்திருப்பது அந்தக் கேள்வியைத் தூண்டுகிறது. அல்லது வேறு எதைக் கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

அடுத்து, ஒரே சொற்களில் வந்த கேள்வி ஒரே கேள்வியாக இல்லை. தாத்தா வைத்திருந்த காசுகளை அண்ணன் தம்பிகளுக்குள் பிரிக்க வேண்டியிருந்த ஒருவருக்கு, சண்டை வராத அளவில் ஒரு மதிப்பு வேண்டியிருந்தது. ஒரு பையனுக்கு, சண்டே மார்க்கெட்டில் தான் ஏமாந்துவிட்டோமா என்று தெரிய வேண்டும். ஒரு பெண்மணிக்கு விற்கும் எண்ணமே இல்லை. மாமியார் பொக்கிஷமாக வைத்திருந்தது உண்மையில் பொக்கிஷம்தானா என்று பார்க்கும் ஆசை. பணமுடையில் வந்தவர்களும் இருந்தார்கள். நம்மூரில் ஒரு பொருளைப் பற்றித் தெரியாதவரிடம் பேச்சைத் தொடங்க இருக்கும் எளிய வழி விலை கேட்பது. மீன் வாங்காதவரும் கூடைக்காரம்மாவிடம் விலை கேட்டுத்தான் மீனின் பெயரைத் தெரிந்துகொள்கிறார்.

எடுத்த முடிவுகளும் அவற்றை ஒட்டி எழுந்த தகராறும்

மேசைகளை இடம் மாற்றுவது முதலாவது. வாசலில் விலைச்சீட்டு இல்லாத காட்சிமேசை; விற்பனை மேசைகள் பின்சுவருக்கு. விற்பனையாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வாடகையைத் தாங்குபவர்களைப் பின்னால் தள்ளுவதா என்ற கேள்வி சரியானதுதான். அவர்களுடைய பங்கைக் குறைத்து, மீதியை மற்றவர்கள் ஏற்பது என்று பேசி முடித்தார்கள். ஒருவர் மட்டும் சில மாதம் வராமல் இருந்துவிட்டு, பிறகு வந்தார்.

இதைவிடக் கடுமையான வாக்குவாதம் வேறொரு விதிக்கு. முதல்முறை வந்து விலை கேட்பவரிடமிருந்து அதே நாளில் எந்த உறுப்பினரும் எதையும் வாங்கக் கூடாது. அவர் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு அடுத்த மாதம் வந்தால் வாங்கலாம். “அதுக்குள்ள அவர் வேற கடையில கொடுத்துடுவார், நமக்கு என்ன லாபம்?” என்ற எதிர்ப்பில் உண்மை இருந்தது, நல்ல பொருள்கள் சில அப்படிக் கைநழுவவும் செய்தன. ஆனாலும் விதி நின்றது. விலை சொல்பவரே வாங்குபவராகவும் இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையாகச் சொன்னாலும் கேட்பவர் காதில் அது பேரமாகத்தான் விழும். வில்லியனூர் அம்மாவுக்கு நடந்தது அதுவே என்று ஆசிரியர் வாதாடினார்.

மூன்றாவது முடிவு, பதில் சொல்லும் முன் ஒரு கேள்வி கேட்பது: “இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?” பதிலைப் பொறுத்துப் பேச்சு பிரிகிறது. வீட்டில் இருந்தது என்றால் ஒரு வழி, சந்தையில் வாங்கியது என்றால் வேறு வழி. கைப்பேசியில் பார்த்தேன் என்றால், மற்றதெல்லாம் பிறகு. யாருக்காவது ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்களா என்பதே அடுத்த கேள்வி. மண்ணில் கிடைத்தது என்றால் விலைப் பேச்சே கிடையாது.

விலை சொல்ல வேண்டிய இடத்தில் ஒற்றை எண் சொல்லக் கூடாது என்றும் முடிவானது. உள்ளே இருக்கும் உலோகத்தின் மதிப்பு, வியாபாரி வாங்கினால் கொடுப்பது, அவரே விற்றால் கேட்பது என்று மூன்றையும் சொல்ல வேண்டும். இதற்காக மேசையில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசும் காந்தமும் வைத்தார்கள். வெள்ளி ரூபாய் 11.66 கிராம். 1939 வரை அதில் பதினொரு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு கலப்பு. 1940-களின் முற்பாதியில் வந்தவற்றில் பாதிக்குப் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். ஒரு ரூபாயைக் காந்தத்தில் வைத்து, அது ‘டக்’கென்று ஒட்டுவதைத் தன் கையால் பார்த்தவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. தாளில் எழுதியிருந்த அதே செய்திதான். ஆனால் இப்போது அதைச் சொன்னது அவர் கையிலிருந்த காசு.

யார் உட்காருவது என்பதுதான் அதிகம் யோசிக்கப்பட்டது. மூத்தவர்களுக்கு முறை போடுவது என்பது முதல் யோசனை. அது கைவிடப்பட்டது. சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் ஆனவர்களே வாசல் மேசைக்கு என்று முடிவாயிற்று. மூத்தவர் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருப்பார், கூப்பிட்டால் மட்டும் வருவார். காரணம் எளிது. காசின் அடியில், ஆண்டுக்குக் கீழே உள்ள சின்னப் புள்ளியும் நட்சத்திரமும் வைரக்கட்டியும் எந்த நாணய ஆலையில் அடித்தது என்பதைச் சொல்லும் குறி. நொய்டாவுக்குப் புள்ளி, ஐதராபாத்துக்கு நட்சத்திரம், மும்பைக்கு வைரம், கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை. முப்பது வருடம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தானாகத் தெரிகிறது. அதனாலேயே, மற்றவர் கண்ணுக்கு அது அங்கே இருப்பதே தெரியாது என்பது அவருக்கு மறந்துவிடுகிறது. போன வருடம் அதே புள்ளியை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துப் பார்த்தவருக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தெரியும். வராகனைக் காட்டித் தாளைத் திருத்திய மாணவியே முதலில் உட்கார்ந்தார்.

அதோடு, புதியவர்களுக்கான நேரம் முதல் ஒன்றரை மணி என்று வரையறுத்தார்கள். அதற்குப் பிறகு உறுப்பினர்கள் தங்கள் பேச்சைப் பேசலாம். யாரும் வந்து கேட்டால், அடுத்த மாதம் சீக்கிரம் வரச் சொல்லலாம். விருந்தோம்பலுக்குக் கடிகாரம் வைப்பதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். என் பார்வையில் மற்ற முடிவுகள் நிலைத்ததற்குக் காரணமே இந்த வரையறைதான். எல்லா நேரமும் பொறுமையாக இருக்க வேண்டும் என்று சொன்னால் யாராலும் முடியாது. ஒன்றரை மணி என்றால் முடிகிறது.

தாளைக் கிழித்துப் போடவில்லை. திருத்தி, மோசடி எச்சரிக்கையை மேலே பெரிய எழுத்தில் போட்டு, 1930 எண்ணையும் சேர்த்து, பேசி முடித்துக் கிளம்புபவர் கையில் கொடுத்தார்கள். பேச்சுக்குப் பதிலாகத் தாள் என்று இருந்தது, பேச்சுக்குப் பின் தாள் என்று ஆனது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறார்கள்.

பிறகு நடந்தவை

விலைக் கேள்வி நிற்கவில்லை. அது நிற்கும் என்று எதிர்பார்த்த ஓரிருவர் ஏமாந்தார்கள். மாறியது, அதன் பிறகு இரண்டாவது கேள்வி வரத் தொடங்கியது. “அப்ப ஏன் சார் ஓட்டை போட்டாங்க?” என்று ஓட்டைக் காலணாவோடு வந்தவர் கேட்டார். தாத்தாவின் காசுகளைப் பிரிக்க வந்த அண்ணன் தம்பிகளில் இளையவர், பிரித்து எடுத்த பங்கோடு அடுத்த மாதமும் வந்தார். இப்போது 1957 ஏப்ரல் 1-இல் ரூபாய்க்கு நூறு பைசா என்று மாறியபோது வந்த ‘நயா பைசா’ வரிசையை ஆண்டுவாரியாகச் சேர்க்கிறார். செலவு குறைவான, புதியவருக்குத் தோதான வரிசை அது. இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை; வாசல் மேசையில் அரைகுறையாக இருந்த வரிசையைப் பார்த்து, விட்டுப்போன ஆண்டுகள் தன்னிடம் இருக்கின்றன என்று அவரே கண்டுபிடித்தார். முழுமையான வரிசையை வைத்திருந்தால் இது நடந்திருக்காது. அதன் பிறகு காட்சிமேசையில் வேண்டுமென்றே இடைவெளி விடுகிறார்கள்.

“எப்படி வந்துச்சு?” என்ற கேள்வி ஒருமுறை குழுவைச் சிக்கலில் இருந்து காப்பாற்றியது. கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார் ஒருவர், மண் படிந்த சின்னச் செப்புக்காசுகளைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம். ராஜராஜன் காலத்துச் செப்புக்காசுகளின் அமைப்பு. இந்த வகைக் காசு ஆயிரம் வருடப் பழமைக்கு ஏற்ற விலை போவதில்லை, அவ்வளவு கிடைத்திருக்கிறது. பழைய முறைப்படி என்றால் விலையைச் சொல்லி, யாராவது ஒருவர் வாங்கியும் இருப்பார். வாசலில் இருந்தவர் விதிப்படி கேட்டார். “கடைக்கால் தோண்டும்போது கெடச்சுது” என்றார். மண்ணுக்குள் மறைந்து கிடந்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மூத்தவர் கூப்பிடப்பட்டார். விலை சொல்லாமல், தாலுகா அலுவலகத்துக்கு எடுத்துப் போக வேண்டும், காசுகளைக் கழுவக் கூடாது, கிடைத்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கினார். கொத்தனாருக்கு அது பிடிக்கவில்லை. நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு எப்படிப் பிடிக்கும்? இப்படிப்பட்டவர்களோடு அலுவலகத்துக்குத் துணையாகப் போக ஆள் வேண்டும் என்று பேச்சு எழுந்தது, ஆள் கிடைக்கவில்லை.

வில்லியனூர் அம்மா திரும்ப வரவில்லை. தம்பி மகன் வருகிறார். அவருக்குக் காசில் ஆர்வம் கிடையாது. வாசல் மேசையில், கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் பேசுவது அவர் வேலை. அத்தைக்கு நடந்ததைப் பெயர் சொல்லாமல் சொல்கிறார்.

மூத்தவர்களில் இருவர் இன்னும் முழு மனதோடு இல்லை. புதிய ஏற்பாட்டால் கூட்டம் பெருத்துவிட்டது, சத்தம் அதிகம், விற்பனை குறைந்துவிட்டது என்பது அவர்கள் குறை. விற்பனை குறைந்தது உண்மை.

மீண்டும் செய்தால்

தொடங்கும்போதே மோசடி எச்சரிக்கையை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. நாணய ஆர்வத்துக்கு அது சம்பந்தமில்லாததாகத் தோன்றலாம்; வந்தவர்களில் பலருக்கு அன்றைய தேதியில் அது ஒன்றே பயனுள்ள தகவல்.

வாசல் மேசைக்காரர்களை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்பதைத் தாமதமாகத்தான் உணர்ந்தார்கள். முதலில் உட்கார்ந்த மாணவி ஒரு வருடத்துக்குமேல் தொடர்ந்தபோது, அவர் குரலிலும் அந்தச் சுருக்கம் வந்துவிட்டது. “டிராக்டரா? வைங்க” என்று அவர் சொன்னதைக் கேட்டு ஆசிரியர் சிரித்துவிட்டார், அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆள். இப்போது நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள், அதுவும் குறைவா என்று யோசிக்கிறார்கள்.

முதல் நாளில் வாங்கக் கூடாது என்ற விதிக்கு ஒரு விலக்கு வேண்டுமா என்பது முடிவாகவில்லை. மருத்துவச் செலவுக்கு உடனே பணம் தேவைப்பட்டு வெள்ளி ரூபாய்களோடு வந்த ஒருவரை விதியைச் சொல்லித் திருப்பியனுப்பியதில் யாருக்கும் திருப்தி இல்லை. அவர் நேரே நகைக்கடைக்குப் போய் உருக்கும் விலைக்குக் கொடுத்திருப்பார். வாங்காத உறுப்பினர் இருவர் முன்னிலையில் விலையை எழுதிக் கொடுத்து, அதற்குக் குறையாமல் மூன்றாமவர் வாங்கலாம் என்று ஒரு யோசனை நிலுவையில் இருக்கிறது.

கடலூரிலிருந்து வருபவர்கள் தங்கள் ஊரிலேயே தனியாகக் கூடத் திட்டமிட்டு, சுவரில் ஒட்ட அந்தத் தாளின் பிரதியைக் கேட்டார்கள். மேசையை எங்கே போடுவது என்று வரைந்த படமும், ஒரு காந்தமும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். தாளை ஆறு மாதம் கழித்து, அங்கே என்னென்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அவர்களே எழுதிக்கொள்வதாக ஏற்பாடு.